இரண்டு நாடுகளின் தாய் மரணக் கணக்கை ஒப்பிடுவது எப்படி: ஒரு மருத்துவமாதுவின் வழிகாட்டி

என் பெறாமகள் வவுனியாவில் படிக்கிறாள். போன ஆவணியில் ஒரு கட்டுரை வேலையோடு மாங்குளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இலங்கையிலும் இந்தியாவிலும் தாய் மரணம் எப்படிக் குறைந்து வந்தது என்பது தலைப்பு. மடிக்கணினியைத் திறந்து இரண்டு கோடுகளைக் காட்டினாள். நீலக் கோடு கீழே, செம்மஞ்சள் கோடு மேலே.

"சின்னம்மா, இலங்கை கீழ நிக்குது, இந்தியா மேல நிக்குது. இனி முடிவுரை எழுதினாச் சரி" என்றாள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இலங்கையின் வடக்கே வன்னியில் மருத்துவமாதுவாக, அதாவது வீடு வீடாகப் போய்க் கர்ப்பவதிகளையும் பிள்ளைப்பேற்றையும் பார்க்கிறவளாக, வேலை செய்தவள். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், பிறகு சனம் இடம்பெயர்ந்த இடமெல்லாம். அந்த நீலக் கோட்டின் சில புள்ளிகளுக்குள் நான் எழுதிக் கொடுத்த எண்கள் இருக்கின்றன. நான் எழுதி வைத்தும் கொழும்புக்குப் போய்ச் சேராத எண்களும் இருக்கின்றன. அதனால் கோட்டைக் கண்டதும் எனக்கு வந்த கேள்வி, யார் கீழே யார் மேலே என்பதல்ல. "இந்த எண்களை எங்கேயிருந்து எடுத்தனீ பிள்ளை?" என்று கேட்டேன். இலங்கைக்கு ஓர் இடம், இந்தியாவுக்கு இன்னோர் இடம், விடுபட்ட வருடங்களுக்கு மூன்றாவது இடம் என்றாள்.

மூன்று நாள் முற்றத்து வேம்பின் கீழ் இருந்து இருவரும் அதைத் திரும்பவும் செய்தோம். அந்த வழியை எழுதி வைத்தால் இதே வேலையைச் செய்யும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், எதை எண்ணுகிறோம்?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போதோ கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள்ளோ இறக்க வேண்டும். அந்தக் கர்ப்பமோ, அதற்குச் செய்த சிகிச்சையோ, கர்ப்பத்தால் கடுமையாகிப்போன வேறொரு நோயோ காரணமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அது தாய் மரணம். கர்ப்பம் எப்படி முடிந்தது என்பது கணக்கில்லை. பிள்ளை பிறந்திருக்கலாம், கரு கலைந்திருக்கலாம், கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம்.

42 நாள் என்பதைப் பெறாமகள் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். நான் அவளை நிறுத்தினேன். எங்கள் ஊர்களில் 31ஆம் நாள் துடக்குக் கழித்துவிட்டால் பிள்ளைப்பேறு முடிந்தது என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். மிச்சம் இருக்கும் பதினொரு நாளில் தாய்க்குக் காய்ச்சல் வந்தாலும் மூச்சு முட்டினாலும் அதைப் பிள்ளைப்பேற்றோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாய், மூன்றாவது பிள்ளையைச் சுகமாகப் பெற்றுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள், அங்கேயே இறந்துபோனாள். நான் வீட்டுத் தரிசிப்புக்குப் போன போதுதான் தெரிந்தது. மரணப் பதிவில் "காய்ச்சல்" என்று ஒரு சொல் மட்டும் இருந்தது. இவள் பிள்ளை பெற்று எத்தனை நாள் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஏணையில் கிடந்த பிள்ளைக்கு அன்றைக்கு 36 நாள். நான் திகதிகளை எழுதி அறிவித்த பிறகுதான் அந்த இறப்பு தாய் மரணம் என்று பதிவானது. நான் அந்த வாரம் அந்தப் பக்கம் போகாமல் விட்டிருந்தால் நாட்டின் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். கோடு இன்னும் கொஞ்சம் அழகாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே ஒரு நாட்டின் எண்ணைத் தொடும் முன்னர், அங்கே இறந்த பெண் கர்ப்பவதியா, அண்மையில் பிள்ளை பெற்றவளா என்று கேட்டுத் தேடும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் இருக்கிறது. தாய் மரணம் நடந்தால் அறிவித்தே ஆக வேண்டும். களத்தில் விசாரணை நடக்கும், ஆஸ்பத்திரியில் நடக்கும், கடைசியில் குடும்ப சுகாதாரப் பணியகம் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே எடுத்து ஆராயும். இந்தியாவில் நாடு முழுவதற்குமான எண் மாதிரிப் பதிவு முறையிலிருந்து வருகிறது. தெரிந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிந்து, இறந்தவரின் வீட்டாரிடம் காரணம் கேட்டுக் கணிப்பார்கள். ஒன்று ஒவ்வொருவராக எண்ணியது, மற்றது மாதிரியிலிருந்து கணித்தது. இரண்டும் நேர்மையான வழிதான், ஆனால் ஒரே வழி அல்ல.

வரையறைக்கு வெளியே நிற்பவர்களையும் தெரிந்திருக்க வேண்டும். வயலில் பாம்பு கடித்து இறந்த கர்ப்பவதி தாய் மரணத்தில் சேரமாட்டாள். 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையில் போன கர்ப்பவதிகள் சேரமாட்டார்கள். ஷெல் விழுந்து இறந்தவளும் சேரமாட்டாள். ஆனால் பாதை பூட்டிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் குருதி போய் இறந்தவள் முழுத் தாய் மரணம். போர் நடந்த நாட்டின் கோட்டைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு மனதில் இருக்கட்டும். தற்கொலையையும் கவனியுங்கள். கர்ப்ப காலத்திலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் நடக்கும் தற்கொலையை நேரடித் தாய் மரணமாக எண்ணச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2012இல் வழிகாட்டியது. ஒரு நாடு அதைச் சேர்த்து எண்ணி, மற்ற நாடு சேர்க்காவிட்டால் ஒப்பீடு அந்த இடத்திலேயே கோணிவிடும்.

வீதமா, விகிதமா?

எங்கள் பணிமனையில் எல்லோரும் "தாய் மரண வீதம்" என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே சொல்லிப் பழகியவள். எண்ணை எழுதும்போது கவனம் வேண்டும். நாம் வழக்கமாகக் காண்பது விகிதம். ஒரு வருடத்துத் தாய் மரணங்களை அந்த வருடம் உயிருடன் பிறந்த பிள்ளைகளின் தொகையால் பிரித்து, ஒரு இலட்சத்தால் பெருக்குவது. மேலே தாய்மார், கீழே பிள்ளைகள். 15 முதல் 49 வயதுப் பெண்கள் எல்லோரையும் கீழே போட்டுக் கணித்தால் அதுதான் வீதம், அது வேறு எண்.

இது சொல்லுக்கான சண்டை இல்லை. விகிதம் சொல்வது ஒரு கர்ப்பத்தின் ஆபத்தை மட்டும்தான். ஒரு பெண் வாழ்நாளில் எத்தனை தரம் அந்த ஆபத்துக்குள் போய் வருகிறாள் என்பதை அது சொல்லாது. 2015இல் வந்த ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை 1990ஆம் ஆண்டுக்கு இந்தியாவுக்கு 556, இலங்கைக்கு 75 என்று தருகிறது. ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள், இலங்கையில் இரண்டரை. 556ஐ நான்கால் பெருக்குங்கள், 75ஐ இரண்டரையால் பெருக்குங்கள். இலட்சத்துக்கு 2,224, மற்றது 188. பச்சைக் கணக்குத்தான், என்றாலும் இடைவெளி ஏழு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்காகி விடுகிறது. பிள்ளைகள் குறைவதாலேயே தாய்மார் தப்புகிறார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பந்தியாவது ஒதுக்குங்கள்.

ஒரே அறிக்கை, ஒரே கொப்பி

பெறாமகள் விட்ட பிழை எல்லோரும் விடுகிற பிழைதான். உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், ஐ.நா. சனத்தொகை நிதியம், உலக வங்கி, ஐ.நா. சனத்தொகைப் பிரிவு ஆகியவை சேர்ந்து சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லா நாடுகளுக்கும் மதிப்பீடு வெளியிடுகின்றன. புது அறிக்கை வரும்போது புது வருடங்களை மட்டும் சேர்ப்பதில்லை, பழைய வருடங்களையும் திரும்பக் கணிக்கிறார்கள். 2023இல் வந்த அறிக்கையில் இந்தியாவின் 2000ஆம் ஆண்டு எண் 384. 2025இல் வந்த அறிக்கையில் அதே 2000ஆம் ஆண்டுக்கு 362. கணக்கு மாறியதே தவிர, இறந்த பெண்கள் திரும்பி வந்துவிடவில்லை. பழைய அறிக்கையின் 384ஐயும் புதிய அறிக்கையில் 2023ஆம் ஆண்டுக்குரிய 80ஐயும் எடுத்துக் கோடு இழுத்தால், நடக்காத ஒரு முன்னேற்றத்தை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். முதல் வருடமும் கடைசி வருடமும், இரண்டு நாடும், ஒரே அறிக்கையிலிருந்து வர வேண்டும்.

அல்லது, நாட்டின் சொந்த எண்ணை எடுக்கிறீர்களா, முழுவதும் அதிலேயே நில்லுங்கள். 2015க்கு இலங்கையின் சொந்த எண் 33.7. ஐ.நா. அறிக்கை அதே வருடத்துக்கு 30 என்கிறது. இரண்டையும் மாறி மாறிப் போட்டால் ஒரே வருடத்தில் ஏறவும் செய்யலாம் இறங்கவும் செய்யலாம். இலங்கைக்குள்ளேயே பதிவாளர் நாயகத்தின் கணக்கும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் கணக்கும் 1990களில் ஒன்றாக இருக்கவில்லை. பதிவாளரின் எண் குறைவு. காரணம் நான் மேலே சொன்ன "காய்ச்சல்" தான்.

நாங்கள் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து ஆறு நிரல் கீறினோம். நாடு, வருடம், எண், எங்கிருந்து எடுத்தது, எண்ணியதா கணித்ததா, கீழெல்லை மேலெல்லை. கடைசி நிரலைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், விடக்கூடாது. ஐ.நா. மதிப்பீடுகள் ஒவ்வொன்றும் இதற்கும் இதற்கும் இடையில் இருக்கலாம் என்ற எல்லையோடுதான் வருகின்றன. இரண்டு நாட்டின் எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்தால், எது கூட எது குறைய என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு நிரலும் சேர்க்கலாம்: அந்த வருடத்தில் எண்ணும் முறை மாறியதா? அமெரிக்காவை எடுங்கள். 2003இல் அங்கே மரணச் சான்றிதழின் மாதிரிப் படிவத்தில், இறந்த பெண் கர்ப்பமாக இருந்தாளா என்று கேட்கும் பெட்டி ஒன்று வந்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதை ஏற்க 2017 வரை எடுத்தது. ஏற்கும் மாநிலம் கூடக் கூட எண்ணும் கூடியது. தாய்மார் கூட இறந்தார்களா, கூடக் கண்டுபிடித்தார்களா, பெட்டியில் தவறாகக் கோடு போட்டார்களா என்று பிரிக்க முடியாமல் 2007க்குப் பிறகு 2018 வரைக்கும் நாட்டுக்கான எண்ணையே அவர்கள் வெளியிடவில்லை. கோடு திடீரென்று ஏறினாலோ விழுந்தாலோ முதலில் படிவத்தைச் சந்தேகியுங்கள், ஆஸ்பத்திரியைப் பிறகு பார்க்கலாம்.

கணக்கு

எங்கள் கொப்பியில் 2015 அறிக்கையின் எண்கள் இப்படி நின்றன. இந்தியா 1990இல் 556, 2015இல் 174. இலங்கை 1990இல் 75, 2015இல் 30.

கழித்துப் பார்த்தால் இந்தியா 382 குறைந்தது, இலங்கை 45 மட்டும். இதை மட்டும் எழுதினால் இலங்கை தூங்கிவிட்டது போலத் தெரியும். நூற்றுவீதமாகப் பார்த்தால் இந்தியா நூற்றுக்கு 69, இலங்கை நூற்றுக்கு 60 குறைந்தது. அவ்வளவு தூரமில்லை. இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதுகிறவர் தான் விரும்பிய நாட்டுக்காக வாதாடுகிறார்.

எனக்குப் பிடித்த வழி பாதியாகும் காலத்தைப் பார்ப்பது. 556 பாதியானால் 278, இன்னொருமுறை பாதியானால் 139. இந்தியா 25 வருடத்தில் 174க்கு வந்தது, அதாவது ஒன்றே முக்கால் தடவைக்குக் கிட்டப் பாதியானது. ஏறத்தாழ 15 வருடத்துக்கு ஒரு பாதி. இலங்கைக்கு 75இலிருந்து 37.5 ஒரு பாதி, பிறகு 30 வரை இன்னும் கொஞ்சம். ஏறத்தாழ 19 வருடத்துக்கு ஒரு பாதி. மடக்கை (log) தெரிந்த பிள்ளைகள் வருடாந்தக் குறைவையும் கணிக்கலாம்: இந்தியாவுக்கு நூற்றுக்கு 4.6, இலங்கைக்கு நூற்றுக்கு 3.7 வரும். இந்தியாவின் சொந்த மாதிரிப் பதிவு எண்களை எடுத்தால் இன்னும் வேகம் தெரியும். 1997-98இல் 398, 2018-20இல் 97. 398, 199, 99.5: ஏறத்தாழ இருபது வருடத்தில் இரண்டு முழுப் பாதி. இந்த வேகத்தை இலங்கைக்காரர் எவரும் குறைத்து மதிக்கக் கூடாது.

அடுத்தது, ஒரே வருடத்தில் நிறுத்தி ஒப்பிடாமல் ஒரே மட்டத்தில் நிறுத்தியும் ஒப்பிடுங்கள். இலங்கை 1950களின் தொடக்கத்தில் 500க்கு மேல் நின்றது. இந்தியா 1990இல் 556. அப்படியென்றால் இரண்டுக்கும் இடையே கிடக்கும் தூரம் ஏறத்தாழ நாற்பது வருடம். "எத்தனை மடங்கு" என்று கேட்பதை விட "எத்தனை வருடம்" என்று கேட்டால் வாசிக்கிறவருக்கு உடனே விளங்கும். இலங்கைக்குச் சோடியாக மலேசியாவையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு நாடும் 1950களின் தொடக்கத்தில் 500க்கு மேல் ஒரே மட்டத்தில் நின்றவை, இரண்டும் மருத்துவமாதுகளை ஊர் ஊராக அனுப்பித்தான் இறங்கின.

வரைபடம் கீறும்போது செங்குத்து அச்சில் 25, 50, 100, 200, 400, 800 என்று இரட்டிப்பாகப் படி வையுங்கள். சாதாரண அச்சில் கீழே நிற்கும் நாட்டின் கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும், எந்த அசைவும் தெரியாது. கணினியில் மடக்கை அச்சு என்று தெரிவு செய்தால் தானே வரும்.

சின்ன எண்கள் துள்ளும்

ஒரு மாவட்டத்தில் வருடம் 2,000 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் ஒரு தாயும் இறக்கவில்லை: பூச்சியம். அடுத்த வருடம் ஒருத்தி: 50. அதற்கடுத்த வருடம் இரண்டு பேர்: 100. ஒரு கூட்டத்தில் இப்படியான எண்ணைத் திரையில் போட்டு, எங்கள் பகுதி "இரண்டு மடங்கு மோசம்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த இரண்டு பேரின் வீட்டுப் படலையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மரணமும் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இரண்டு மரணத்தை வைத்துக்கொண்டு கோடு இழுக்கக் கூடாது.

நாட்டு மட்டத்திலும் இது உண்டு. இலங்கையில் மூன்று இலட்சம் பிள்ளை பிறக்கும் வருடத்தில் பத்துத் தாய்மார் கூட இறந்தால் எண் 3க்கு மேல் ஏறும். இந்தியாவில் வருடம் இரண்டரைக் கோடிக்குக் கிட்டப் பிறக்கிறது, அங்கே பத்து ஒன்றும் அசைக்காது. அதனால் இந்தியக் கணக்கே மூன்று வருடத்தைச் சேர்த்துத்தான் தருகிறார்கள், 2018-20 என்று. ஒப்பிடும்போது இலங்கையின் மூன்று வருடங்களையும் சேர்த்து விடுங்கள். மூன்று எண்ணின் சராசரி எடுக்காதீர்கள். மூன்று வருடத்து மரணங்களைக் கூட்டி, மூன்று வருடத்துப் பிறப்புகளைக் கூட்டி, பிறகு பிரியுங்கள். இலங்கையில் பிறப்பு வருடா வருடம் வேகமாகக் குறைந்து வருவதால் இது இப்போது முன்னரைவிட முக்கியம்.

கோட்டில் இல்லாதவர்கள்

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு நாட்டின் எண் அந்த நாட்டில் எல்லோருடைய எண்ணும் அல்ல. இந்தியாவின் 97க்குள் 2018-20இல் கேரளத்தின் 19 இருக்கிறது, தமிழ்நாட்டின் 54 இருக்கிறது, அசாமின் 195 இருக்கிறது. கேரளத்தைத் தனியே எடுத்தால் இலங்கையை விட மேலே நிற்காது. அங்கே உள்ள நல்லது இது: 195ஐ நாம் பார்க்க முடிகிறது. எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலங்கைக் கோட்டில் வன்னி எங்கே? 1981க்குப் பிறகு முழு நாட்டுக்கும் சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2012இல்தான். 2001 கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக நடந்தது. எத்தனை வீதம் ஆஸ்பத்திரியில் பெறுகிறார்கள், எத்தனை பேர் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்று சொல்லும் 2006-07 சனத்தொகை சுகாதார ஆய்வில் வட மாகாணமே இல்லை. 2016 ஆய்வில்தான் 25 மாவட்டமும் வந்தது. ஆகவே இந்த வருடங்களுக்கு "இலங்கையில் இத்தனை வீதம்" என்று நீங்கள் எழுதினால், "வடக்கு நீங்கலாக" என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு எழுதிய கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது எங்கள் தாய்மாரை இன்னொருமுறை இடம்பெயர்த்தது போல இருக்கும்.

போர் நாட்களில் வன்னிக்குப் பொருட்கள் வரவிடாத தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் திரியும் வைத்து, சொட்டெண்ணெயில் எரியும் விளக்கில்தான் கர்ப்பவதிகளின் பதிவேட்டை நிரப்புவோம். மாதக் கடைசியில் கோடு போட்டு எண்ணுவோம்: நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. அந்த விளக்கு வெளிச்சம் ஒரு வரிக்குமேல் காட்டாது, அதனால் தடிமனான காகித மட்டை ஒன்றை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி வாசிப்பேன். பாதை திறந்திருந்தால் அறிக்கை போகும். 2006 ஆவணியில் வடக்குக்கு வரும் ஏ9 வீதியைப் பூட்டிய பிறகு எது போனது எது போகவில்லை என்று தெரியாது. இடம்பெயரும் போதெல்லாம் பதிவேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கடைசியில் செட்டிகுளத்து முகாமுக்கு வந்தபோது என்னிடம் ஒரு கொப்பிதான் மிஞ்சியிருந்தது.

ஐப்பசி மழையில் ஓர் இரவு. அக்கராயன் பக்கமிருந்து ஒரு தாயை லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, குருதி நிற்கவில்லை. கிரவல் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் பெட்டி துள்ளும். நான் ஒரு கையால் அவள் வயிற்றின்மேல் கருப்பையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன். தேய்த்தால் கெட்டியாகும், கையை எடுத்தால் மா உருண்டை போல இளகும். இளகினால் குருதி வரும். அதனால் கையை எடுக்கவே இல்லை. விடியும் நேரம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது என் விரல்கள் மடங்கவில்லை. அவள் பிழைத்தாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு பிள்ளை. இந்த இரவு எந்தத் தாய் மரணக் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் மரணம் நடக்கவில்லை. ஒரு நாட்டின் எண் 30, மற்றதன் எண் 174 என்னும்போது, அந்த இரண்டுக்கும் பின்னால் மயிரிழையில் தப்பியவர்கள் எத்தனை மடங்கு இருப்பார்கள் என்று யோசியுங்கள். தப்பியவர்களைப் பற்றிய பதிவு ஏதாவது கிடைத்தால் அதையும் கட்டுரைக்குள் கொண்டு வாருங்கள்.

பேசாலையிலிருந்தும் மன்னார்க் கரையிலிருந்தும் படகேறி இராமேசுவரம் போன குடும்பங்களையும் மறக்க வேண்டாம். மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் பிறந்த பிள்ளைகள் இந்தியாவின் பிறப்புகள். எங்கள் சனம் பெறாமகளின் இரண்டு கோட்டிலும் இருக்கிறது.

மாவட்ட எண்ணுக்கு இன்னொரு பொறி உண்டு. இலங்கையில் பிறப்பு நடந்த இடத்தில்தான் பதியப்படுகிறது. முல்லைத்தீவுத் தாய் வவுனியாவில் பெற்றால் பிள்ளை வவுனியாவின் பிறப்பு. மாவட்டங்களை நாடுகளோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் தாயின் வதிவிடப்படி பிரித்த எண்ணைத் தேடி எடுக்க வேண்டும்.

ஏன் இறங்கியது என்று எழுதும்போது

ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். 1930களில் இலங்கையில் விகிதம் 2,000க்கு மேல். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மலேரியா கர்ப்பவதியின் குருதியைத் தின்றுவிடும், அப்படி வெளிறிப்போனவளுக்குப் பிள்ளைப்பேற்றில் கொஞ்சம் குருதி போனாலே போதும். 1946இல் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்தை அடிக்கத் தொடங்கியதும் மலேரியா விழுந்தது, தாய் மரணமும் கூடவே விழுந்தது. வன்னி மலேரியாக் காடு என்று பெயர் எடுத்த இடம், ஆகவே இது எங்களுக்கு மிகவும் கிட்டிய கதை. அதோடு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, அதைப் பின்பற்றி ஊர் ஊராக வந்த மருத்துவமாதுகள், பெனிசிலின், குருதி வங்கி, 1945இன் இலவசக் கல்வியில் படித்த பெண்பிள்ளைகள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவை.

இந்தியாவுக்கு 2005ஐக் குறித்துக் கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பெறும் ஏழைத் தாய்க்குக் காசு கொடுக்கும் ஜனனி சுரக்ஷா யோஜனா தொடங்கிய வருடம். 108 அம்புலன்ஸும் அந்த வருடம்தான் ஆந்திராவில் தொடங்கியது. இலங்கையில் 2016இல் வந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இந்திய உதவியோடு வந்தது, வடக்குக்கு 2018இல் வந்து சேர்ந்தது. லான்ட்மாஸ்டர் பெட்டியில் இருந்தவளுக்கு அந்த வண்டியின் சத்தம் எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கோட்டில் ஒரு வருடமும் ஒரு திட்டமும் ஒன்றாகத் தெரிகின்றன என்பதற்காக, அதனால்தான் இது என்று எழுதாதீர்கள். அந்த வருடத்துக்கு முன்னரே கோடு இறங்கத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். இந்தியாவின் 398, 301, 254 என்ற எண்களில் நடு எண் 2001-03க்கு உரியது. திட்டம் வருவதற்கு முன்னரே இறக்கம் தொடங்கியிருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் பெறாமகள் வரைபடத்தைத் திரும்பக் கீறினாள். ஐ.நா. மதிப்பீட்டுக்கு ஒரு நிறம், நாடுகளின் சொந்த எண்ணுக்கு வேறு நிறம், இரண்டும் ஒட்டவில்லை. எல்லைகளை மங்கலான பட்டையாகப் போட்டாள். இலங்கையின் சொந்தக் கோட்டில் போர் வருடங்கள் வந்தபோது கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதைப் புள்ளிக்கோடாப் போடட்டா, சின்னம்மா?"

"போடு. கீழ ஒரு வரியும் எழுது."

அவள் எழுதினாள்: "இந்த ஆண்டுகளில் வடக்கின் பதிவுகள் முழுமையாக வந்து சேரவில்லை." நான் உள்ளே போய் அந்தக் கொப்பியை எடுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓரங்கள் கறள் நிறமாகிப் போன தாள்கள். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.